லியுபோவ் பொப்போவாவை மாணவர்களுக்குக் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரஷ்ய அவான்-கார்ட் (பழைய மரபை உடைத்துப் புதிதாகச் செய்து பார்த்த கலை இயக்கம்) ஓவியர் லியுபோவ் பொப்போவாவைப் பற்றி வகுப்பெடுக்கும் பலர் முதல் ஸ்லைடிலேயே அவர் எப்படி இறந்தார் என்று சொல்லிவிடுகிறார்கள். சொல்லத் தூண்டும் கதைதான், மறுக்கவில்லை. 1889இல் மாஸ்கோவுக்கு அருகே வசதியான துணி வியாபாரி வீட்டில் பிறக்கிறார், 1918இல் கல்யாணம், அடுத்த வருடமே கணவர் காய்ச்சலில் போய்விடுகிறார், 1924 மே மாதம் ஐந்து வயது மகன் ஸ்கார்லெட் காய்ச்சலில் சாகிறான், அது தொற்றி சில நாட்களுக்குள் பொப்போவாவும் போய்விடுகிறார், வயது 35. இதைக் கேட்ட பிறகு எந்த மாணவரும் படத்தைப் பார்க்க மாட்டார், ஒவ்வொரு கறுப்புக் கட்டத்திலும் சோகத்தைத்தான் தேடுவார். ஆனால் அவருடைய முக்கியமான ஓவியங்களில் பெரும்பகுதி 1915க்கும் 1918க்கும் இடையில் வரைந்தவை. அந்தத் துயரம் எதுவும் அப்போது வந்திருக்கவில்லை. வாழ்க்கைக் கதையைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதே மாதிரி வருடம் பார்க்காமல் செய்கிற இன்னொரு தவறு, எல்லாவற்றையும் 1917 ரஷ்யப் புரட்சியின் கணக்கில் எழுதுவது. படத்தில் சிவப்பு இருந்தால் போதும், "போல்ஷெவிக்" என்று நோட்டில் குறித்துக்கொள்வார்கள். அவர் பாரிஸுக்குப் போய் லா பலெத் பள்ளியில் மெட்ஸாஞ்சேயிடமும் லெ ஃபோகோனியேயிடமும் கியூபிசம் (உருவத்தை உடைத்துப் பல கோணத் துண்டுகளாக வரையும் பாணி) படித்தது 1912-13இல். பெட்ரோகிராடில் நடந்த புகழ்பெற்ற 0,10 கண்காட்சியில் அவர் படங்கள் இருந்தது 1915 டிசம்பரில், அதாவது ஜார் ஆட்சி நடந்துகொண்டிருந்தபோது. அதற்கெல்லாம் முன்பே பிஸ்கோவ், நோவ்கரத் என்று பழைய ஊர்களுக்குப் போய் தேவாலயத் திருவுருவ ஓவியங்களைப் பார்த்துவந்தவர் அவர். புரட்சி அவரை மாற்றியது உண்மை, ஆனால் ஓவியராக்கியது அது இல்லை.

சரி, எந்தப் படத்தில் தொடங்குவது? நேராக அரூபத்தில் தொடங்காதீர்கள். வெறும் வண்ணத் தளங்களை, அதாவது தட்டையான நிறப் பரப்புகளை மட்டும், திரையில் போட்டுவிட்டு "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டால், ஒருவர் கப்பல் என்பார், ஒருவர் கோபம் என்பார், நீங்களும் "எல்லாமே சரிதான்" என்பீர்கள், வகுப்பு அதோடு படுத்துவிடும். 1915இல் வரைந்த 'பயணி' நல்ல தொடக்கம், கலிஃபோர்னியாவில் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதலில் வெறும் சிதறலாகத்தான் தெரியும். கொஞ்ச நேரம் எதுவும் சொல்லாமல் விட்டால் யாராவது ஒருவர் மஞ்சள் மணிமாலையைக் கண்டுபிடிப்பார், அப்புறம் பச்சைக் குடை, அங்கங்கே ரஷ்ய எழுத்துகள், அப்படியே ஒரு பெண் உட்கார்ந்திருப்பது புலப்படும். அதற்குப் பிறகு 1917இன் 'ஓவியக் கட்டடவியல்' படங்களில் ஒன்றைக் காட்டினால், பெண்ணும் குடையும் போய் அந்தத் தளங்கள் மட்டும் மிஞ்சியிருப்பது நீங்கள் விளக்காமலே புரியும்.

இந்த இடத்தில் "மாலேவிச்சின் சீடர்" என்று ஒரு வரி வந்து விழும். மாலேவிச் அதே காலத்து ரஷ்ய அரூப ஓவியர். பொப்போவா மாலேவிச்சின் சுப்ரெமுஸ் என்ற ஓவியர் குழுவில் இருந்தார், சரி. ஆனால் இரண்டு பேர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓரங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். மாலேவிச்சின் வடிவங்கள் வெள்ளை வெளியில் மிதக்கும், ஒன்றை ஒன்று அவ்வளவாகச் சீண்டாது. பொப்போவாவிடம் தளங்கள் கேன்வாஸ் முழுக்க நெருக்கியடித்து நிற்கும், ஒன்றின் மேல் ஒன்று ஏறும், விளிம்பை ஒட்டி நிறம் மங்கிப் போவதால் தகடு வளைந்தது போல ஒரு கனம் வரும். இவ்வளவு தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது, 1921ஓடு பாடத்தை முடித்துவிட்டு "பின்னர் துணி வடிவமைப்பிலும் ஈடுபட்டார்" என்று ஒற்றை வரியில் கடந்துபோவது. பெண் என்பதால் துணிப்பக்கம் போனார் என்று வேறு மாணவர்கள் நினைத்துக்கொள்வார்கள். 1921இல் மாஸ்கோவில் '5x5=25' என்று ஒரு கண்காட்சி, ஐந்து ஓவியர்கள், ஆளுக்கு ஐந்து படைப்புகள், ஐவரில் மூவர் பெண்கள். அங்கே காட்டியவற்றை, இனி வரப்போகும் உண்மையான பொருள்களுக்கான முன்னோட்டப் பரிசோதனை என்றுதான் பொப்போவா சொன்னார். சொன்னபடியே செய்தார். 1922இல் மெயர்ஹோல்ட் இயக்கிய 'பெருந்தன்மையான ஏமாளிக் கணவன்' நாடகத்துக்குத் திரைச்சீலையே இல்லாமல் ஏணி, சறுக்குப் பலகை, சக்கரங்கள் என்று ஒரு மேடை கட்டினார். கதாநாயகனின் சந்தேகம் முற்ற முற்ற அந்தச் சக்கரங்கள் சுழலும். நடிகர்களுக்கு நீலத் தொழிலாளர் உடுப்பு. அப்புறம் சக ஓவியர் வர்வாரா ஸ்தெபானோவாவுடன் மாஸ்கோவின் முதலாம் அரசுத் துணி அச்சு ஆலை. பூப்போட்ட துணிக்குப் பதிலாகக் காம்பஸும் ஸ்கேலும் வைத்து வட்டம், கோடு, முக்கோணம். கேன்வாஸில் பழகிய அதே கணக்கு இப்போது கெஜக் கணக்கில் அச்சாகிறது. இதை விட்டுவிட்டால் அந்த ஓவியங்கள் எதை நோக்கிப் போயின என்பதே தெரியாது.

செயல்பாடு என்று கலர் பேப்பரை வெட்டி ஒட்டச் சொல்வது எளிது, ஆனால் அதில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை, நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இரண்டே நிறம், ஒரு கட்டத்தாள், பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டால் விளிம்பு பொருந்துகிற ஒரு வடிவம் என்று கேளுங்கள். பொருந்தாமல் போகும்போதுதான் ஆலையில் அவர் என்ன வேலை பார்த்திருப்பார் என்று உறைக்கும்.

கடைசியாக, படங்களை இணையத்தில் கண்ட இடத்திலிருந்து எடுக்காதீர்கள். ரஷ்ய அவான்-கார்ட் ஓவியங்களில் போலிகள் ஏராளம், பொப்போவா பெயரிலும் உண்டு. 2020இல் ஜெர்மனியின் கொலோன் நகரத்து லுட்விக் அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் இருந்த போலிகளையே அசல்களோடு வைத்துக் கண்காட்சி நடத்தியது. மாஸ்கோவின் திரெத்யாகோவ் ஓவியக்கூடம், கிரீஸின் தெசலோனிக்கியில் உள்ள கொஸ்டாக்கிஸ் சேகரிப்பு, நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் ஆகியவற்றின் இணையதளங்களிலிருந்து எடுத்தால் படத்தின் அளவும், எதன் மேல் எதால் வரைந்தது என்பதும் சேர்ந்தே கிடைக்கும். அந்த அளவைச் சாக்பீஸால் சுவரில் வரைந்து காட்டுங்கள், ஏனென்றால் புரொஜெக்டரில் எல்லாப் படமும் ஒரே அளவாகிவிடும். 1920-21இல் பிளைவுட் மேல் வரைந்தவற்றில் மரத்தின் ரேகை அப்படியே தெரியும், சிலவற்றில் வண்ணத்தோடு பளிங்குத் தூளும் கலந்திருக்கும். அந்தச் சொரசொரப்பு திரையில் வராது, அதை மட்டும் நீங்கள் வாயால் சொல்லித்தான் ஆகவேண்டும்.