22 பேர், 2 குளியலறை, 4 நாள் பொங்கல்

எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில். தாமிரபரணிப் பாசனம், வயலும் வாழையும். வீட்டில் நான் மூத்த மருமகள். வருஷம் முழுக்க நானும் அவரும் அத்தையும் மாமாவும்தான். பொங்கலுக்கு மட்டும் சென்னை, கோயம்புத்தூர், பெங்களூருவில் இருந்து எல்லாரும் வந்து 22 பேர் ஆகிவிடுவோம். முதல் சில வருஷங்கள் அவர்கள் கிளம்பிய மறுநாள் எனக்குக் காய்ச்சல் வரும். பண்டிகை முடிந்தால் காய்ச்சல் என்பது வழக்கமாகவே ஆகிப்போனது. இப்போது வருவதில்லை. என்ன மாற்றினேன் என்று கொழுந்தன் மனைவி கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டு. ஐப்பசியிலேயே நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, யார் எப்போது வருகிறார்கள், யாருக்கு என்ன மருந்து, யாருக்கு எது ஆகாது என்று எழுதிவிடுவேன். ரயில் டிக்கெட்டுக்கு இப்போது 60 நாள் முன்புதான் முன்பதிவு. ஜனவரி 12 கிளம்ப வேண்டும் என்றால் நவம்பர் 13 காலை 8 மணிக்கு உட்கார வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே போன் போட்டு ஞாபகப்படுத்துவேன். டிக்கெட் கிடைக்காமல் ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வருகிறவர்கள் முதல் நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

அடுத்தது வேலைப் பங்கீடு. இதுதான் எனக்குப் பெரிசு. "மைனி, என்ன வேலை இருந்தாலும் சொல்லுங்க" என்று கொழுந்தன் எல்லா வருஷமும் கேட்பார். கேட்டுவிட்டு திண்ணையில் பேப்பரோடு உட்கார்ந்துவிடுவார். தப்பு அவர் மேல் இல்லை, நான் சொல்லவில்லை. இப்போது "உதவி" என்கிற பேச்சே கிடையாது. ஆள் பேரும் வேலையும் எழுதி அடுக்களைக் கதவில் ஒட்டிவிடுவேன். சிறுகிழங்கு ஆம்பளைகள் வேலை.

சிறுகிழங்கைச் சுத்தம் பண்ணியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். மண்ணோடு வரும் அதை ஒவ்வொன்றாகச் சீவினால் விடிந்துவிடும், விரல் கறுத்துப்போகும், கறை ஒரு வாரம் போகாது. எங்கள் ஊர் வழி வேறு. அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப் போட்டு, ஒரு கோணிச் சாக்கில் கொட்டி வாயைக் கட்டிவிட வேண்டும். அதைக் கல்தரையில் போட்டு, துணி துவைக்கிற மாதிரி முன்னும் பின்னும் உருட்டித் தேய்க்க வேண்டும். பத்து நிமிஷத்தில் தோல் உரிந்து, உள்ளே வெள்ளைவெள்ளையாகக் கிடக்கும். கண்களில் ஒட்டியிருப்பதை மட்டும் கத்தி நுனியால் நோண்டினால் போதும். கொழுந்தனும் நாத்தனார் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுக்கும்போது நடக்கிற பேச்சும் சிரிப்பும் அவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை பேசிக்கொள்வது. இப்போது கேட்காமலே சாக்கை எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

இனி சாப்பாடு. வீட்டில் சர்க்கரை உள்ளவர்கள் ஐந்து பேர். அவர்களுக்கென்று தனிச் சமையல் வைக்காதீர்கள். ஒரு வருஷம் வைத்தேன், மாமா அதைத் தொடவே இல்லை. எல்லாருக்கும் ஒரே சமையல், அளவை மட்டும் மாற்றினேன். முன்பு சர்க்கரைப் பொங்கலுக்கு ஒரு கிலோ அரிசி போடுவோம், பாதி மாட்டுக்குப் போகும். இப்போது அரைக் கிலோ அரிசி, 150 கிராம் பாசிப்பருப்பு, அரைக் கிலோ வெல்லம். இலைக்கு ஒரு சின்னக் கரண்டி. வெண்பொங்கலும் குழம்பும்தான் வயிற்றுக்கு.

அந்தக் குழம்பிலும் ஒரு விஷயம் இருக்கிறது. எங்கள் பக்கம் பொங்கல் குழம்பில் சிறுகிழங்கு, சேனை, சேம்பு, வள்ளிக்கிழங்கு எல்லாம் விழும். கிழங்கை நாம் காய்க் கணக்கில் சேர்க்கிறோம், உடம்பு சோற்றுக் கணக்கில்தான் சேர்க்கும். பச்சரிசிச் சோறு, வெல்லம், கிழங்கு, சாயங்காலம் கரும்பு, நடுவில் பனங்கிழங்கு! அதனால் கிழங்கைக் குறைத்து அவரை, கத்தரி, பூசணி, முருங்கை, புடலை இவற்றைக் கூட்டினேன். இலையில் முதலில் பொரியலும் அவியலும் விழும், நாலு வாய் தின்ற பிறகுதான் சோறு.

ஆனால் சர்க்கரைக்காரர்களுக்குப் பொங்கலன்று பெரிய ஆபத்து இனிப்பு இல்லை, நேரம். ஒரு வருஷம் மாமா வழக்கம்போல 7 மணிக்கு மாத்திரை போட்டுவிட்டார். நல்ல நேரம் பார்த்து, அடுப்பு பற்றாமல் இழுத்து, பொங்கி, சாமி கும்பிட்டு இலை போடும்போது மணி பத்தாகிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்திருந்தவருக்குச் சட்டை நனைகிற அளவு வியர்வை, கை நடுக்கம், பேச்சு குழறுகிறது. நாங்கள் பொங்கலை ஊட்டப் போனோம். நர்ஸ் வேலை பார்க்கும் நாத்தனார் மகள் தட்டிவிட்டு, மூணு ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கவைத்தாள். நெய்யும் பருப்பும் சேர்ந்த பொங்கல் மெதுவாகத்தான் ஏறுமாம், அந்த நேரத்துக்குச் சீனித் தண்ணீர்தான் வேகம். கால் மணி நேரத்தில் தெளிந்தார், அப்புறம் இட்லி கொடுத்தோம். நினைவு தப்பியவருக்கு மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆஸ்பத்திரிதான் என்றும் சொன்னாள். அதிலிருந்து, மாத்திரை, ஊசி போடுகிறவர்கள் அன்றைக்கு எப்போது போடுவது என்று மார்கழியிலேயே தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வர வேண்டும். சாமி கும்பிடும் வரை காத்திருக்காமல் அவர்கள் இட்லி சாப்பிட்டுவிடுவார்கள். சாமிக்கு முன்னால் சாப்பிடலாமா என்று அத்தை முதலில் முணுமுணுத்தார்கள். இப்போது அவர்களே இட்லி எடுத்து வைக்கிறார்கள்.

பொங்கல் வைப்பது முற்றத்தில், அடுப்புக்குப் பொங்கக்கட்டி மூன்றை நிறுத்தி, பனை ஓலை எரித்து. ஓலை சட்டென்று பிடிக்கும், புகையும் அப்படித்தான். மூச்சிரைப்பு உள்ள ஆச்சியை அடுப்புக்குப் பக்கத்தில் "பார்க்கட்டும்" என்று உட்கார வைப்போம், ராத்திரி முழுக்க இருமுவார்கள். இப்போது காற்று புகையை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் நாற்காலி. குலவை அங்கிருந்தும் கேட்கும்.

போன்களுக்கு ஓர் ஓலைப்பெட்டி. மத்தியானம் 3 முதல் 6 வரை எல்லாப் போனும் அதற்குள். வேலையிடத்திலிருந்து அழைப்பு வரக்கூடிய ஒருவனுக்கு மட்டும் விலக்கு. பிள்ளைகளுக்குச் சொல்லி மாளாது, பெரியவர்கள் முதலில் போட்டால் அவர்கள் போடுவார்கள். அந்த மூன்று மணி நேரத்தில் பாண்டி, பல்லாங்குழி, உறியடி. யார் கரும்பை மேல்தோலோடு பல்லால் கடித்து முதலில் முடிப்பது என்று ஒரு போட்டியும் உண்டு. பல்செட் வைத்தவர்கள் நடுவர்கள்.

கல்யாணம் ஆகாத பெண்ணிடம் "எப்ப சாப்பாடு போடப்போற?" என்று கேட்கும் வாய் எல்லா வீட்டிலும் இருக்கும். எங்கள் வீட்டில் அப்படிக் கேட்டால் ஒரு தேங்காய் துருவ வேண்டும். மார்க், சம்பளம், "குண்டாயிட்டியே" எல்லாம் இதில் சேர்த்தி. போன வருஷம் பெரிய சித்தி மட்டும் மூணு தேங்காய் துருவினார்கள், அதில் ஒன்று வேணும் என்றே கேட்டது. சொத்து, வரப்பு, பாகப்பிரிவினைப் பேச்சு நாலு நாளும் கிடையாது. வேண்டுமானால் சித்திரையில் தனியாக வந்து பேசிக்கொள்ளலாம்.

கரிநாளன்று நாட்டுக்கோழி. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அது அவர் சமையல், நான் அடுக்களைக்குள் போவதே இல்லை.

காணும் பொங்கலுக்கு ஆற்றங்கரைக்குக் கட்டுச்சோறு. ஒரு தடவை முந்தின நாள் மிஞ்சிய, தேங்காய் அரைத்த கூட்டைச் சூடுபண்ணிக் கொண்டுபோய் ஐந்து பேருக்கு வயிற்றால் போனது. தேங்காய் அரைத்தது எதையும் வெயிலுக்குக் கொண்டுபோகாதீர்கள். கூட்டு, குழம்பு மாதிரிச் சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள், மிஞ்சும் என்று தெரிந்தால் அப்போதே சின்னப் பாத்திரத்தில் பிரித்து ஃப்ரிட்ஜில் ஏற்றிவிடுங்கள். ஆற்றுக்கு, நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளியோதரையும் எலுமிச்சைச் சோறும் காலையில் கிண்டியது. தயிர்ச்சோற்றுக்குச் சோற்றைக் குழைத்து, ஆறிய பாலை ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்தால் மத்தியானம் புளிக்காமல் பதமாக இருக்கும். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய்.

தண்ணீரில் கவனம். 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த பெருமழைக்குப் பிறகு நாங்கள் சின்ன வயதில் குளித்த இடமெல்லாம் ஆழம் மாறிவிட்டது. "எனக்குத் தெரியாத ஆறா" என்று இறங்குகிற சித்தப்பாக்களைத்தான் முதலில் தடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு முட்டளவுதான். நீந்தத் தெரிந்த இருவர் சாப்பிடாமல் கரையில் நிற்பார்கள், அப்புறம் முறை மாறும்.

அவர்கள் கிளம்பும் அன்று காலையில் நான் எட்டு மணி வரை தூங்குவேன். அதுவும் கதவில் ஒட்டிய தாளில் இருக்கிறது. காப்பி கொழுந்தன் போடுவார், கொஞ்சம் தண்ணியாகத்தான் இருக்கும். பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் நோட்டை எடுத்து உடனே எழுதிவிட வேண்டும், மறுநாள் மறந்துவிடும். இந்த வருஷத்துக் கடைசிப் பக்கம் இது: "தேங்காய் 14 போதாது. பனங்கிழங்கு 3 கட்டு போதும், 5 வாங்காதே. கொசுவலை 2 கிழிசல். வெந்நீர் அண்டா ஓட்டை, பற்றவைக்கணும். சித்திக்குக் கீழ்த்தளத்தில் படுக்கை. சாக்கு புதுசு ஒன்று."