வாத்தியார் இல்லாமல் உயர்நிலை இயற்கணிதம்: மறந்ததை மீண்டும் படிக்கும் முறை

தெரியாத எண்ணை எக்ஸ் என்று எழுதித்தான் எல்லோருக்கும் பழக்கம். இங்கே 'க' என்று எழுதுகிறேன். விசைப்பலகையை மொழி மாற்றி மாற்றித் தட்ட எனக்குப் பொறுமை இல்லை.

1. புத்தகம்

தமிழ்நாடு அரசின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணித நூல்களே போதும். முன்னதில் அடிப்படை இயற்கணிதம், ஈருறுப்புத் தேற்றம். பின்னதில் அணிகள், கலப்பு எண்கள், சமன்பாட்டியல். இணையத்தில் இலவசம். ஆனால் அச்சுப் பிரதியை வாங்கிவிடுங்கள், செல்பேசித் திரையில் கணக்குப் படிப்பது கண்ணுக்குக் கேடு. 1887இல் வெளிவந்த ஹால், நைட் இருவரின் 'ஹையர் அல்ஜீப்ரா'வை எடுத்தவுடன் தொடாதீர்கள். அருமையான கணக்குகள்தான், ஆனால் கை பழகியவர்களுக்கு. குறுக்குவழி கற்றுத்தரும் தேர்வுக் கையேடுகள் எதற்கும் உதவாது.

2. எழுதுபொருள்

ஹெச்பி பென்சில், கோடு போடாத நோட்டு. கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழையில் தாள் நமுத்துவிடும். ஜெல் பேனா மை ஊறிப் பரவி, அடுக்குக்குறி எது, அடியெண் எது என்றே தெரியாது. ரப்பர் வேண்டாம். தவறான வரியை ஒற்றைக் கோட்டால் அடியுங்கள், எங்கே சறுக்கியது என்று பிறகு பார்க்கலாம்.

3. அம்புக்குறி

என்னை அதிக நாள் நிறுத்திவைத்த இடம் இது. இந்தச் சமன்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்:

√(க + 3) = க − 3

இருபுறமும் வர்க்கப்படுத்தினால் க + 3 = க² − 6க + 9. சுருக்கினால் க² − 7க + 6 = 0. காரணிப்படுத்தினால் க = 1 அல்லது 6. எல்லா வரியும் சரி. ஆனால் 6ஐப் பிரதியிட்டால் இருபுறமும் 3 வருகிறது. 1ஐப் பிரதியிட்டால் இடப்புறம் 2, வலப்புறம் −2.

அந்த 1 எங்கிருந்து முளைத்தது? 2, −2 இரண்டுக்கும் வர்க்கம் 4தான். வர்க்கப்படுத்தியவுடன் குறி அழிந்துவிடுகிறது. திரும்பி வர முடியாது. மே மாத சீசனில் ஊட்டிக்கு ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் விடுவார்களே, அதுபோல ஒருவழிப் பாதை.

ஆகவே ஒவ்வொரு வரிக்கும் இடையே அம்பு போடுங்கள். திரும்ப முடிந்தால் ⇄, முடியாவிட்டால் →. ஒரே ஒரு → இருந்தாலும், கிடைத்த விடைகளை முதல் வரியில் பிரதியிட்டே தீர வேண்டும். பக்கத்தில் ஆசிரியர் இல்லாதவருக்கு இதைவிட நல்ல காவல் இல்லை.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. க² = 5க என்பதை இருபுறமும் 'க'வால் வகுத்தால் க = 5 மட்டும் மிஞ்சும்; 0 என்ற மூலம், அதாவது இன்னொரு விடை, காணாமல் போய்விடும். பிரதியிட்டுப் பார்த்தாலும் இது பிடிபடாது. வகுக்காதீர்கள், ஒரு பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்துங்கள்.

4. கலப்பு எண்கள்

க² + 1 = 0 என்று தொடங்கினால் 'இல்லாத எண்ணை ஏன் படிக்க வேண்டும்' என்ற சலிப்புதான் வரும். க³ = 15க + 4 என்பதிலிருந்து தொடங்குங்கள். இதற்கு 4 ஒரு மூலம், மனக்கணக்கிலேயே சரிபார்க்கலாம். ஆனால் முப்படிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் சூத்திரத்தில் போட்டால் நடுவே √(−121) வந்து நிற்கும். அதைக் கடந்துதான் 4ஐ அடைய முடியும் என்று 1572இல் இத்தாலியக் கணிதர் பொம்பெல்லி காட்டினார். (2 + √−1) என்பதை மும்மடியாக்கிப் பாருங்கள், 2 + √(−121) வரும். இதைக் கையால் போட்டுப் பார்த்த பிறகு அத்தியாயத்தைத் திறங்கள்.

பிற்சேர்க்கை

மடக்கையிலும் (லாகரிதம்) அம்பு வேண்டுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கட்டாயம் வேண்டும். 10 அடிமானத்தில், மடக்கை க + மடக்கை (க − 3) = 1 என்றால் க² − 3க − 10 = 0; விடை 5, −2. குறை எண்ணுக்கு இங்கே மடக்கை கிடையாது, −2ஐ அடித்துவிடுங்கள். இரண்டு மடக்கைகளை ஒன்றாகச் சேர்க்கும் வரியில்தான் → போட வேண்டும்.