ஹீட் டிரான்ஸ்ஃபரும் மாஸ் டிரான்ஸ்ஃபரும்: முதலில் தடை எங்கே என்று பாருங்கள்

கெமிக்கல் எஞ்சினியரிங்கில் அரியருக்குப் பேர்போன பேப்பர்கள் இவை இரண்டும். சமன்பாடுகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்துகொண்டு போனால், எதை எங்கே போடுவது என்று தேர்வு ஹாலில் திணற வேண்டியதுதான். இரண்டுக்கும் அடியில் ஓடுவது ஒரே கணக்கு: உந்துவிசையைத் தடையால் வகுத்தால் ஓட்டம். வெப்பத்துக்கு உந்துவிசை வெப்பநிலை வேறுபாடு, நிறைக்குச் செறிவு வேறுபாடு. எந்தக் கணக்கை எடுத்தாலும் முதலில் தடைகளை வரிசையாக எழுதி, பெரியது எது என்று பாருங்கள்.

இதற்கு லேபில் இருக்கும் டபுள் பைப் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய், சுவர் வழியே வெப்பம் கைமாறும்) ஒன்றே போதும். உள்குழாய் செம்பு, உள்விட்டம் 13 மி.மீ., வெளிவிட்டம் 16 மி.மீ., நீளம் 2 மீட்டர். வெளிக்குழாயின் உள்விட்டம் 28 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வெந்நீர் விநாடிக்கு 0.10 கிலோ, 60 டிகிரியில் நுழைந்து 52.5-ல் வெளியேறுகிறது. இரு குழாய்களுக்கும் இடையிலுள்ள வளையப் பகுதியில் எதிர்த்திசையில் குளிர்நீர் விநாடிக்கு 0.15 கிலோ; 30-ல் நுழைந்து 34.8-ல் வெளியேறுகிறது.

முதல் வேலை வெப்பச் சமன் (4180 என்பது நீரின் வெப்ப ஏற்புத்திறன்). வெந்நீர் இழந்தது 0.10 × 4180 × 7.5 = 3135 வாட். குளிர்நீர் பெற்றது 0.15 × 4180 × 4.8 = 3010 வாட். இடைவெளி 4 சதவீதம், பரவாயில்லை. 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ரீடிங்கை வைத்து மேற்கொண்டு கணக்குப் போடாதீர்கள். பெரும்பாலும் எண்கள் மாறாமல் நிற்கும் சீர்நிலைக்கு வருமுன்பே ரீடிங் எடுத்திருப்பீர்கள். 5 நிமிட இடைவெளியில் மூன்று முறை ஒரே எண் வரும்வரை காத்திருக்க வேண்டும். அடுத்த சந்தேகம் தெர்மாமீட்டர். குளிர்நீர் ஏறியதே 4.8 டிகிரிதான், அரை டிகிரி பிசகினால் 10 சதவீதம் போய்விடும். குளிர்நீர் பெற்றது வெந்நீர் இழந்ததைவிடத் தெளிவாக அதிகமாக வந்தால், "சுற்றுப்புறத்துக்குப் போன இழப்பு" என்று ரெக்கார்டில் எழுதி வைக்காதீர்கள். இழப்பு கணக்கை அந்தப் பக்கம் தள்ளாது. அது அளவீட்டுப் பிழை.

எல்எம்டிடிக்கு (இரு முனை வெப்பநிலை வேறுபாடுகளின் மடக்கைச் சராசரி) ஒரே முனையில் இருக்கும் இரண்டு வெப்பநிலைகளைக் கழிக்க வேண்டும்: 60 − 34.8 = 25.2, 52.5 − 30 = 22.5. மடக்கைச் சராசரி 23.8. நுழைவை நுழைவோடு கழித்துவிடுவது வழக்கமான தப்பு. இந்த ரீடிங்கில் அப்படிச் செய்தாலும் 23.3 வந்துவிடும், அதனால் தப்பு கண்ணில் படாமலே பழகிப்போகும். நீரோட்டங்கள் நன்றாகச் சூடேறிக் குளிரும் வேறொரு கணக்கில் அதே பழக்கம் விடையையே கவிழ்க்கும். குழாயைப் படமாக வரைந்து, இரண்டு முனையிலும் எண்களை எழுதிவிட்டுக் கழியுங்கள்.

வெளிப்பரப்பு 0.1005 சதுர மீட்டர். சராசரி வெப்பம் 3072 வாட்டை 0.1005 × 23.8-ஆல் வகுத்தால் மொத்தக் குணகம் (ஒரு சதுர மீட்டரில், ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு எத்தனை வாட் கடக்கும் என்ற எண்) சுமார் 1280. நிறையப் பேர் இங்கே பேனாவை மூடி வைத்துவிடுகிறார்கள். உண்மையில் பாடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

1280-ஐத் தலைகீழாக்கினால் மொத்தத் தடை 7.8 × 10⁻⁴. இதைப் பிரியுங்கள். உள்ளே ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் எவ்வளவு கொந்தளிப்பானது என்று காட்டுவது) 19,500 பக்கம்; குழாய் ஓட்டத்தின் வெப்பக் குணகத்தைத் தரும் டிட்டஸ்-போல்ட்டர் சமன்பாட்டில் வெந்நீர் குளிர்வதால் பிராண்டில் எண்ணுக்கு (பாய்மத்தில் உந்தம் பரவும் வேகத்துக்கும் வெப்பம் பரவும் வேகத்துக்கும் உள்ள விகிதம்) 0.3 அடுக்கு. குணகம் சுமார் 4400. வெளிப்பரப்பின் அடிப்படைக்கு மாற்றினால் (குணகத்தை 13/16-ஆல் பெருக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்) உள்தடை 2.8 × 10⁻⁴. செம்புச் சுவர் 0.04 × 10⁻⁴, ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். மீதி கிட்டத்தட்ட 5 × 10⁻⁴ வளையப் பகுதியினுடையது. படிவு ஏதும் இருந்தால் அதுவும் இதற்குள் அடக்கம்.

இப்போது கேள்வி கேளுங்கள். வெந்நீர் ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால்? உள்தடை 2-இன் 0.8 அடுக்கு, அதாவது 1.74 மடங்கு குறையும். மொத்தக் குணகம் 1510, 18 சதவீத ஏற்றம். குளிர்நீரை இரட்டிப்பாக்கினால் 1760 பக்கம் போகும், 37 சதவீதம். (வளையத்தில் ரெனால்ட்ஸ் எண் 5,500 சுற்றித்தான் என்பதால் 0.8 அடுக்கு அங்கே தோராயம்தான்.) செம்புக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் சுவர்த் தடை 1 × 10⁻⁴ ஆகி, குணகம் 11 சதவீதம் விழும். "சுவர்த் தடையை விட்டுவிடலாம்" என்ற வரி எந்த உலோகத்துக்கு உண்மை என்பது இப்போது புரியும்.

டேட்டா புக்கில் ஒரு கண்ணி உண்டு. பாகுநிலைப் பத்தியின் தலைப்பில் "× 10⁶" என்று போட்டிருந்தால், உள்ளே இருக்கும் எண் ஏற்கெனவே 10⁶-ஆல் பெருக்கப்பட்டது. நீங்கள் 10⁻⁶-ஆல் பெருக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் ரெனால்ட்ஸ் எண் அபத்தமாக வரும். அதைப் பார்த்தும் சந்தேகம் வராததுதான் பெரிய கோளாறு. இன்னொன்று: நசெல்ட் எண்ணும் பயட் எண்ணும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், இரண்டுமே வெப்பக் குணகத்தை நீளத்தால் பெருக்கிக் கடத்துத்திறனால் வகுப்பவை. நசெல்ட்டில் பாய்மத்தின் கடத்துத்திறன், பயட்டில் திடப்பொருளின் கடத்துத்திறன். பயட் 0.1-க்குக் கீழே இருந்தால் பொருள் முழுக்க ஒரே வெப்பநிலை என்று வைத்துக் கணக்குப் போடலாம்.

கதிர்வீச்சில் வடிவக் காரணிகளுக்கு (ஒரு பரப்பிலிருந்து கிளம்பும் கதிர்வீச்சில் எத்தனை பங்கு இன்னொரு பரப்பைச் சேரும் என்ற எண்) இரண்டு நாள் போதும். அதிலேயே உட்கார்ந்துவிட வேண்டாம்.

நிறைப் பரிமாற்றத்துக்கு வரும்போது நசெல்ட் எண்ணின் இடத்தில் ஷெர்வுட் எண், பிராண்டில் எண்ணின் இடத்தில் ஷ்மிட் எண் என்று மாற்றிக்கொண்டால் பாதிப் பாடம் தெரிந்த பாடம்தான். மீதிப் பாதியில் ஒரு இடம் கவிழ்த்துவிடும். வாயுவும் நீரும் தொடும் இடைமுகத்தில் இரு பக்க வெப்பநிலையும் சமம். செறிவு சமம் இல்லை. 25 டிகிரியில் ஒரு லிட்டர் காற்றில் ஆக்சிஜன் சுமார் 270 மில்லிகிராம். அந்தக் காற்றோடு சமநிலையில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 8 மில்லிகிராம்தான். 270-இலிருந்து 8-ஐக் கழித்து உந்துவிசை என்று எழுதினால், நகராத ஆக்சிஜனை நகர்த்தியதாகிவிடும். ஒரு பக்கச் செறிவை ஹென்றி விதியால் (சமநிலையில் நீரில் கரையும் வாயுவின் அளவு, மேலே உள்ள அதன் அழுத்தத்துக்கு நேர்விகிதம்) மறுபக்கத்துக்குப் பெயர்த்த பிறகே கழிக்க வேண்டும்.

1923-இல் விட்மன் முன்வைத்த இருபடலக் கொள்கை (இடைமுகத்தின் இரு பக்கமும் ஒரு மெல்லிய படலம், தடை அவற்றில்தான் என்பது), மேலே குழாயில் போட்ட அதே தடைக் கூட்டல்தான், ஹென்றி மாறிலி கூட ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவே. ஆக்சிஜன் நீரில் கொஞ்சம்தான் கரையும் என்பதால் தடை முழுக்க நீர்ப் பக்கம். இறால் குட்டையில் ஏரேட்டர் தண்ணீரை அடித்துக் கலக்குவது அதனால்தான். அம்மோனியா நன்றாகக் கரையும். அங்கே தடை வாயுப் பக்கம், வாயு வேகத்தைக் கூட்டினால்தான் பலன்.

ஸ்டெஃபன் குழாய்ச் சோதனையில் (ஒடுங்கிய குழாயின் அடியிலுள்ள திரவம் மேலே காற்றுக்குள் ஆவியாகிப் பரவுவது) அசிட்டோன் ஆவியாவதைக் கணக்கிடும்போது, ஆவி தானே உண்டாக்கும் மொத்த ஓட்டத்தை விட்டுவிடக் கூடாது. 25 டிகிரியில் அசிட்டோனின் ஆவியழுத்தம் சுமார் 31 கிலோபாஸ்கல். திருத்தக் காரணி 1.19 வரும். அதே குழாயில் தண்ணீர் என்றால் ஆவியழுத்தம் 3.2, காரணி 1.02, விட்டுவிட்டாலும் யாரும் கண்டுபிடிக்க முடியாது. சூத்திரத்தை எப்போது சுருக்கலாம் என்பதை இந்த இரண்டு எண்களை வைத்தே முடிவு செய்யலாம்.

பயிற்சிக்கு, தீர்த்து முடித்த கணக்கையே திரும்ப எடுங்கள். ஓட்டம், விட்டம், உலோகம், வாயு, இவற்றில் ஒன்றை மட்டும் மாற்றி, விடை எத்தனை சதவீதம் நகரும் என்று பென்சிலால் ஓரத்தில் எழுதிவிட்டுப் பிறகு கால்குலேட்டரைத் தொடுங்கள். ஊகம் எங்கே தப்பியது என்று பார்த்தால், அநேகமாகச் சின்னத் தடையைப் பெரியது என்று நினைத்திருப்பீர்கள்.