உப்பு ஏறினால் மீனின் செவுள் என்ன செய்யும்? மூலக்கூறு அளவில் பார்க்க ஒரு செய்முறை

உவர்ப்பு அழுத்தம் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் மரபணுப் பட்டியலில்தான் முதலில் கை வைக்கிறார்கள். அது தலைகீழ் வழி. எந்த மரபணுவை அளக்கிறோம் என்பதைவிட எந்த நேரத்தில் அளக்கிறோம் என்பதுதான் இந்தச் சோதனையின் உயிர்நாடி. அதை மனதில் வைத்துக்கொண்டு, நன்னீரில் வளர்ந்த மொசாம்பிக் திலாப்பியாவை உப்புநீருக்கு மாற்றி, செவுளில் நடப்பதை கியூபிசிஆர் (ஒரு மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று எண்ணில் காட்டும் முறை) மூலம் அளக்கும் ஒரு எளிய சோதனையைப் பார்ப்போம்.

படி 1: செவுளில் நடப்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

எலும்பு மீன்களின் ரத்தத்தின் ஆஸ்மோலாலிட்டி (கரைந்த துகள்களின் செறிவு) கிலோவுக்குச் சுமார் 300 மில்லிஆஸ்மோல். கடல்நீருக்கு அது சுமார் 1000. நன்னீரிலோ கிட்டத்தட்ட பூஜ்யம். எனவே நன்னீரில் உடலுக்குள் தண்ணீர் புகுந்துகொண்டே இருக்கும், உப்பு கசிந்து வெளியேறும். கடலில் இதற்கு நேர்மாறு. இழந்த தண்ணீரை ஈடுகட்ட மீன் கடல்நீரைக் குடிக்கிறது. அதோடு உள்ளே வரும் சோடியத்தையும் குளோரைடையும் செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது.

தள்ளும் வேலையைச் செய்பவை செவுளில் உள்ள அயனோசைட் செல்கள். குளோரைடு செல்கள் என்பது அவற்றின் பழைய பெயர். விலாங்கு மீனின் செவுளில் கீஸ், வில்மர் இருவரும் 1932-இல் இவற்றை விவரித்தார்கள். இந்தச் செல்லின் ரத்தப் பக்கச் சவ்வில் சோடியம்-பொட்டாசியம் ஏடிபேஸ் என்ற பம்பு இருக்கிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து 3 சோடியத்தை வெளியே விட்டு 2 பொட்டாசியத்தை உள்ளே எடுப்பது அதன் வேலை. (இதை ஜென்ஸ் ஸ்கோ 1957-இல் கண்டறிந்தது நண்டின் நரம்பில். அதற்காக 1997-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. உப்போடு மல்லுக்கட்டும் ஒரு கடற்கரை உயிரியிடமிருந்தே இது தெரியவந்தது எனக்குப் பிடித்த தகவல்.)

பம்பு ஓடுவதால் செல்லுக்குள் சோடியம் குறைந்துவிடும். அந்தச் சரிவைப் பயன்படுத்தி, அதே ரத்தப் பக்கத்தில் உள்ள என்கேசிசி1 என்ற புரதம் ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு ஆகியவற்றைச் சேர்த்து உள்ளே இழுக்கிறது. தண்ணீரைப் பார்த்த பக்கத்தில் சிஎஃப்டிஆர் என்ற வாய்க்கால் வழியாகக் குளோரைடு வெளியேறும். உள்ளே வந்த சோடியத்தைப் பம்பு ரத்தப் பக்கமே திரும்ப வெளியே விட, அது பக்கத்துச் செல்லுக்கு இடையில் உள்ள இடுக்கு வழியாகக் கசிந்து போகும்.

ஆக, பார்க்க வேண்டியவை மூன்று: பம்பு, என்கேசிசி1, சிஎஃப்டிஆர். ஆனால் பம்பின் ஒரு பகுதியான ஆல்ஃபா அலகுக்கு வெவ்வேறு வடிவங்கள் உண்டு. திலாப்பியாவில் ஆல்ஃபா-1ஏ நன்னீரிலும் ஆல்ஃபா-1பி உப்புநீரிலும் மேலோங்கும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து அளந்தால் ஒன்று ஏற, மற்றொன்று இறங்க, "மாற்றமே இல்லை" என்ற முடிவு வந்து நிற்கும்.

படி 2: தொட்டிகளைத் தயார் செய்யுங்கள்

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைத்த பிறகே தொடங்குங்கள். மீன்களைக் குறைந்தது இரண்டு வாரம் ஆய்வகத் தொட்டியில் பழக்குங்கள். நன்னீர்த் திலாப்பியாவை நேராக முழுக் கடல்நீரில் விட்டால் பெரும்பாலும் செத்துவிடும். முதல் சோதனைக்கு 20 பிபிடி (ஆயிரத்தில் 20 பங்கு உப்பு) போதும். கடல் உப்புக் கலவையை ஒரு நாள் முன்பே கரைத்து, காற்றூட்டி, வெப்பநிலையைச் சமன் செய்துவிட்டு ரிஃப்ராக்டோமீட்டரில் சரிபாருங்கள். உவர்ப்பு கூடினால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும். காற்றூட்டலை அலட்சியம் செய்தால் நீங்கள் அளப்பது உவர்ப்பு அழுத்தமா, மூச்சுத் திணறலா என்றே தெரியாது.

கட்டுப்பாட்டுக் குழு என்றால் தொடாமல் விட்ட மீன்கள் அல்ல. அவற்றையும் அதே வலையால் பிடித்து, இன்னொரு நன்னீர்த் தொட்டிக்கு மாற்ற வேண்டும். வலையில் பிடிபட்டாலே கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறும். கடல்நீருக்குப் பழகும்போது செவுளைத் தூண்டுவதும் இதே கார்டிசால்தான். அப்படி மாற்றாவிட்டால் வலையின் விளைவையும் உப்பின் விளைவையும் பிரிக்க வழியே இருக்காது.

ஒவ்வொரு உவர்ப்புக்கும் குறைந்தது மூன்று தனித்தனித் தொட்டிகள் வையுங்கள். ஒரே தொட்டியில் 10 மீன் இருந்தாலும் புள்ளியியல் கணக்கில் அவை 10 தனி மாதிரிகள் ஆகிவிடாது.

படி 3: நேரப் புள்ளிகள்

இங்கேதான் நிதானம் வேண்டும். உப்புநீரில் விட்டதும் முதல் சில மணி நேரம் நெருக்கடிக் காலம். ரத்த ஆஸ்மோலாலிட்டி ஏறுகிறது, செல்கள் சுருங்குகின்றன, புரதங்கள் உருக்குலையும் அபாயம் வருகிறது. எச்எஸ்பி70 போன்ற காப்புப் புரதங்களுக்கு அப்போது வேலை அதிகம். ஓஎஸ்டிஎஃப்1 என்ற படியெடுப்புக் காரணியும் (மற்ற மரபணுக்களை இயக்கும் புரதம்) இந்தக் கட்டத்தில் சட்டென்று ஏறி, பிறகு இறங்கிவிடும். ஃபியோல், குல்ட்ஸ் இருவரும் 2005-இல் திலாப்பியா செவுளில் அடையாளம் கண்டது இது.

அடுத்த கட்டம் கட்டுமானம். கார்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் செவுளை உப்பு வெளியேற்றும் பக்கம் திருப்புகின்றன. நன்னீருக்கு உரிய புரோலாக்டின் ஹார்மோன் குறைகிறது. என்கேசிசி1, ஆல்ஃபா-1பி ஆகியவற்றின் எம்ஆர்என்ஏ (புரதம் செய்ய மரபணுவிலிருந்து எடுக்கப்படும் படி) கூடுகிறது. அது புரதமாகி, சவ்வில் போய் உட்கார்ந்து, அயனோசைட்டுகள் பெருத்து, ரத்தம் பழைய நிலைக்குத் திரும்ப நாட்கள் ஆகும்.

24 மணி நேரத்தில் ஒரே ஒரு மாதிரி எடுத்தால் முதல் கட்டம் முடிந்திருக்கும், இரண்டாவது பாதியில் இருக்கும். 0, 3, 6, 24 மணி, 3 நாள், 7 நாள் என்று பிரியுங்கள். கைவசம் மீன் குறைவு என்றால் மரபணுக்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், நேரப் புள்ளிகளில் கை வைக்காதீர்கள்.

படி 4: மாதிரி எடுத்தல்

எம்எஸ்-222 மயக்க மருந்து தண்ணீரை அமிலமாக்கும், எனவே சோடியம் பைகார்பனேட் சேர்த்துச் சமன் செய்யுங்கள். மயக்கக் கரைசலை அந்தந்தத் தொட்டியின் உவர்ப்பிலேயே தயாரிக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசி நிமிடத்தில் புதிதாக ஒரு உவர்ப்பு அதிர்ச்சியைக் கொடுத்தவர்கள் ஆவீர்கள்.

வால் பகுதி ரத்தக் குழாயிலிருந்து ரத்தம் எடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் சேர்ப்பீர்கள்; அயனிகளை அளக்கும் எண்ணம் இருந்தால் சோடியம் ஹெப்பாரின் வேண்டாம், லித்தியம் ஹெப்பாரின் நல்லது. சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து ஆஸ்மோலாலிட்டியை அளந்துவிடுங்கள். மரபணு முடிவுகளுக்கு அர்த்தம் தருவதே இந்த எண்தான், பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

செவுளை வெட்டி இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி ஆர்என்ஏவுக்கு. உடனே திரவ நைட்ரஜனிலோ ஆர்என்ஏ பாதுகாப்புக் கரைசலிலோ போடுங்கள். மறு பாதியை உறையவைத்து மைனஸ் 80 டிகிரியில் எடுத்து வையுங்கள், படி 7-இல் தேவைப்படும்.

படி 5: ஆர்என்ஏவும் சிடிஎன்ஏவும்

ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்க டிரைசால் முறையோ கிட்டோ, உங்கள் ஆய்வகத்தில் பழக்கமானது எதுவோ அது. தூய்மையைக் காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 2.0-ஐ ஒட்டி இருக்கட்டும், கலந்திருக்கும் டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதியைப் போட மறக்காதீர்கள், எல்லா மாதிரியிலும் ஒரே அளவு ஆர்என்ஏவிலிருந்து சிடிஎன்ஏ (ஆர்என்ஏவின் டிஎன்ஏ நகல்) செய்யுங்கள்.

படி 6: கியூபிசிஆர்

ஆல்ஃபா-1ஏ, 1பி இரண்டின் வரிசைகளும் மிகவும் ஒத்தவை. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் பிரைமரை (எந்த வரிசையைப் பெருக்குவது என்று தீர்மானிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) அமையுங்கள். உருகு வளைவில் (விளைபொருளைச் சூடாக்கி, அது எந்த வெப்பநிலையில் பிரிகிறது என்று பார்ப்பது) ஒரே சிகரம் வந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள், விளைபொருளை ஒரு முறை வரிசைப்படுத்திப் பாருங்கள். சிடிஎன்ஏவைப் படிப்படியாக நீர்த்துப்போகச் செய்து ஓட்டி, பிரைமரின் திறன் 90 முதல் 110 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒப்பீட்டு மரபணு (மாறாமல் நிற்பது, மற்றவற்றை இதோடு ஒப்பிடுவோம்) விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு பீட்டா-ஆக்டினை எடுப்பது கெட்ட பழக்கம். உப்புநீரில் செல்லின் கட்டமைப்பே மாறும்போது ஆக்டினும் மாறக்கூடும். ஈஎஃப்1-ஆல்ஃபா, ஆக்டின், 18எஸ் ஆகியவற்றை உங்கள் எல்லா நேரப் புள்ளிகளிலும் சோதித்து, நிலையாக நிற்கும் இரண்டைத் தேர்ந்தெடுங்கள்.

படி 7: கணக்கு, அப்புறம் சந்தேகம்

லிவாக், ஷ்மிட்ஜென் 2001-இல் தந்த டெல்டா-டெல்டா சிடி முறையில், ஒரு கற்பனைக் கணக்கு. சிடி என்பது கியூபிசிஆரில் சமிக்ஞை தெரியத் தேவைப்படும் சுற்றுகளின் எண்ணிக்கை; எம்ஆர்என்ஏ கூடினால் அது குறையும். நன்னீரில் ஆல்ஃபா-1பியின் சிடி 24, ஒப்பீட்டு மரபணுவுக்கு 18, வித்தியாசம் 6. உப்புநீரில் 22, 18, வித்தியாசம் 4. நான்கிலிருந்து ஆறைக் கழித்தால் மைனஸ் 2. குறியை மாற்றி, 2-இன் அடுக்காகப் போட்டால் 4. அதாவது வெளிப்பாடு நான்கு மடங்கு. பிரைமர்களின் திறன் 100 சதவீதத்தை ஒட்டி இருந்தால்தான் இந்தக் கணக்கு சரி. புள்ளியியல் சோதனையை மடங்கு எண்ணில் செய்யாமல் டெல்டா சிடி மதிப்பில் (மேலே வந்த 6, 4 போன்ற வித்தியாசங்கள்) செய்யுங்கள்.

எம்ஆர்என்ஏ நான்கு மடங்கு என்றால் பம்பு நான்கு மடங்கு ஓடுகிறது என்று பொருள் இல்லை. எடுத்து வைத்த மறு பாதிச் செவுளில் நொதிச் செயல்பாட்டை அளந்து பாருங்கள். பம்பைத் தடுக்கும் ஊவாபெயினைச் சேர்த்தும் சேர்க்காமலும் ஏடிபி உடையும் வேகத்தைப் பார்த்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே இந்தப் பம்பின் பங்கு. எம்ஆர்என்ஏ ஏறியும் செயல்பாடு ஏறவில்லை என்றால் பதற வேண்டாம், நேரம் போதாமல் இருந்திருக்கலாம். 7-ஆம் நாள் மாதிரியை அதற்காகத்தான் வைத்தோம்.

இதே செய்முறையை மட்டிக்கோ சுறாவுக்கோ அப்படியே போடாதீர்கள். மட்டி தன் உடல் திரவத்தை வெளிநீரின் போக்கிலேயே விட்டுவிட்டு, செல்லுக்குள் டாரின், கிளைசின் போன்ற அமினோ அமிலங்களின் அளவைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கிறது. சுறா ரத்தத்தில் யூரியாவைத் தேக்கி வைக்கிறது. அவற்றில் பம்பு மரபணுவை மட்டும் அளந்தால் முக்கியமான வேலை நடக்கும் இடத்தைத் தவறவிடுவீர்கள். மட்டிக்கு டாரின் கடத்தியையும், சுறாவுக்கு யூரியாவை உண்டாக்கும் நொதிகளையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.