கறுப்பு வெள்ளை பிலிம் ரசாயனங்கள்: எதைக் கொட்டுவது, எதைச் சேமிப்பது

முதல் ரோலை வீட்டில் கழுவி முடித்ததும் எல்லோருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான். டேங்கிலிருந்து வெளியே வந்ததையெல்லாம் கொட்டிவிடுவதா, பாட்டிலில் ஊற்றி வைப்பதா? என் பதில்: பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பரைப் பயன்படுத்தியதும் கொட்டுங்கள், அந்தப் படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸரைச் சேமியுங்கள். இரண்டிலும் தேதியை மட்டும் நம்பாமல், பிலிம் துண்டைப் போட்டுப் பாருங்கள். ரோல் ஏற்றுவது, வெப்பநிலை பார்ப்பது எல்லாம் உங்களுக்குக் கைவந்திருக்கும் என்பதால் அதற்குள் நான் போகவில்லை.

படி 1: பாட்டில்

டெவலப்பரைக் கெடுப்பது காற்றிலுள்ள ஆக்சிஜன். பாட்டிலில் கரைசலுக்கு மேலே எவ்வளவு காலி இடம் இருக்கிறதோ, அவ்வளவு வேகமாகக் கெடும். டி-76 என்ற தூள் டெவலப்பரின் ஸ்டாக் கரைசலை (தூளைக் கரைத்தது, மேற்கொண்டு நீர் கலக்காதது) நிரம்பிய பாட்டிலில் இறுக்க மூடி வைத்தால் 6 மாதம், பாதி காலியான பாட்டிலில் வைத்தால் 2 மாதம் என்பது கோடாக் தரும் கணக்கு. அதனால் ஒரு லிட்டரை ஒரே பாட்டிலில் வைக்காதீர்கள். கரைத்த அன்றே நான்கு 250 மில்லி பாட்டில்களில் கழுத்துவரை ஊற்றிவிடுங்கள். ஒன்றைத் திறந்தாலும் மற்ற மூன்றும் அப்படியே இருக்கும்.

நான் வாங்குவது பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில்தான். பெட் பிளாஸ்டிக்கும் பரவாயில்லை. அமுக்கினால் நசுங்கும் சாதாரண பாலிஎத்திலீன் பாட்டில் மெல்ல மெல்லக் காற்றை உள்ளே விடும். மடிப்பு மடிப்பாகச் சுருங்கும் பாட்டில் எனக்குப் பிடிப்பதில்லை, அந்த மடிப்புகளுக்குள் கழுவவே முடியாது. பாட்டிலில் கரைசல் குறைந்துவிட்டதா? சுத்தமான கண்ணாடிக் கோலிகளைப் போட்டு மட்டத்தை உயர்த்துங்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் கரைந்தது படிகமாக அடியில் இறங்கிவிடலாம், உணவுப் பொருளுக்குப் பக்கத்தில் இது இருக்கவும் கூடாது.

லேபிளில் பெயர், கரைத்த தேதி, கழுவிய ரோல்களின் எண்ணிக்கை மூன்றையும் எழுதுங்கள். குடிக்கும் பாட்டில் எதிலும் ஊற்றவே ஊற்றாதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாத அலமாரிதான் இதற்கு இடம்.

படி 2: டெவலப்பர்

1+1 என்று, அதாவது ஒரு பங்கு ஸ்டாக்குக்கு ஒரு பங்கு நீர் கலந்து பயன்படுத்தியதைத் திரும்ப எடுத்து வைக்க வேண்டாம். ஒரு ரோல், அப்புறம் கொட்டிவிடலாம். ஸ்டாக் கரைசலை நீர் கலக்காமல் பயன்படுத்தினால் மறுபடி பயன்படுத்தலாம். இல்ஃபோர்டின் ஐடி-11 டெவலப்பர் ஒரு லிட்டரில் 10 ரோல் கழுவலாம், முதல் ரோலுக்குப் பிறகு ஒவ்வொரு ரோலுக்கும் நேரத்தை 10 சதவீதம் கூட்ட வேண்டும். நான் இப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு ரோலும் டெவலப்பரின் வலுவை எடுத்துக்கொள்வதோடு, அதன் வேகத்தைக் குறைக்கும் புரோமைடையும் அதில் விட்டுச் செல்கிறது. எட்டாவது ரோல் முதல் ரோலைப் போலவே வரும் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை.

மாதம் ஒரு ரோல் மட்டும் கழுவுபவர் என்றால் ரோடினல் வகை அடர்கரைசல் வாங்குங்கள். மூடி வைத்தால் ஆண்டுக்கணக்கில் இருக்கும், கரும்பழுப்பாக மாறினாலும் வேலை செய்யும். தூள் வாங்கினால் பொட்டலம் முழுவதையும் ஒரேயடியாகக் கரைக்க வேண்டும். பாதி பாதியாக எடுத்தால் உள்ளே இருக்கும் பொருட்கள் சரியான விகிதத்தில் வராது.

படி 3: கழுவும் முன் டெவலப்பருக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள்

இந்தப் படிக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். அஸ்கார்பிக் அமில வகை டெவலப்பர் ஒன்றைப் பாதி பாட்டிலில் நான்கு மாதம் வைத்திருந்தேன். தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது, நம்பி ஊற்றினேன். ரோல் முழுக்கப் படமே இல்லாமல் கண்ணாடிபோல வந்தது. திரும்ப எடுக்க முடியாத படங்கள் அவை. முதலில் கேமராவின் ஷட்டரைச் சந்தேகித்தேன். பிறகுதான் பிலிமின் ஓரத்தைப் பார்த்தேன்: பிரேம் எண்கள்கூட இல்லை. அந்த எண்கள் தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டவை, கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. எண்கள் இருந்து படம் இல்லையென்றால் கேமராவைப் பாருங்கள். எண்களே இல்லையென்றால் டெவலப்பர் செத்திருக்கிறது, அல்லது ஃபிக்ஸரை முதலில் ஊற்றியிருக்கிறீர்கள்.

டி-76 போன்றவை கெடும்போது பழுப்பாகிக் காட்டிக்கொடுக்கும். அஸ்கார்பிக் வகை நிறம் மாறாமலே செத்துப்போகும். அதனால் இப்போது ஒவ்வொரு முறையும் இதைச் செய்கிறேன். ரோல் ஏற்றும்போது வெட்டியெறியும் முனையைச் சேர்த்து வையுங்கள். அதில் ஒரு சிறு துண்டை, விளக்கு வெளிச்சத்திலேயே, கலந்து வைத்த டெவலப்பரில் போடுங்கள். சில நிமிடங்களில் கன்னங்கரேலென்று ஆக வேண்டும். சாம்பல் நிறத்தோடு நின்றுவிட்டால் கரைசலைக் கொட்டிவிடுங்கள். புதிதாகக் கரைத்த அன்றே இதைச் செய்து, கறுக்க எத்தனை நொடி ஆனது என்று லேபிளில் எழுதி வைத்தால் பின்னால் ஒப்பிடலாம். இது டெவலப்பரின் துல்லியமான வலுவைச் சொல்லாது, உயிர் இருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும். ஒரு ரோலைக் காப்பாற்ற அது போதும்.

படி 4: ஸ்டாப் பாத்

டெவலப்பரின் வேலையை நிறுத்தும் கரைசல் இது. நிறம் காட்டும் வகையை வாங்குங்கள். மஞ்சளாக இருக்கும்வரை பாட்டிலுக்குத் திரும்பட்டும், ஊதாவாக மாறினால் கொட்டுங்கள்.

படி 5: ஃபிக்ஸர்

இதைக் கட்டாயம் சேமிக்க வேண்டும். இல்ஃபோர்ட் ரேபிட் ஃபிக்ஸரை 1+4 என்று (ஒரு பங்குக்கு நான்கு பங்கு நீர்) கலந்தால் ஒரு லிட்டரில் 24 ரோல் வரை கழுவலாம். ஆனால் எண்ணிக்கையைவிட நம்பகமான சோதனை ஒன்று இருக்கிறது. உலர்ந்த பிலிம் முனையில் ஒரு சொட்டு ஃபிக்ஸர் விட்டு அரை நிமிடம் காத்திருங்கள். அப்புறம் துண்டு முழுவதையும் ஃபிக்ஸருக்குள் போட்டு நேரம் பாருங்கள். சொட்டு விழுந்த வட்டம் சுற்றியுள்ள பகுதியோடு கலந்து மறையும் கணம்தான் தெளியும் நேரம். ரோலுக்கு அதைப்போல இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள், டி-மேக்ஸ், டெல்டா போன்ற பிலிம்களுக்கு மூன்று மடங்கு. புதிய ஃபிக்ஸரில் 45 நொடியில் தெளிந்தது 90 நொடி எடுக்கிறது என்றால் அதன் காலம் முடிந்தது. ஒப்பிடும்போது அதே வகை பிலிமாக இருக்க வேண்டும்.

அடியில் வெண்மஞ்சள் துகள் படிந்தால், கந்தகம் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். வடிகட்டிப் பயன்படுத்தப் பார்க்காதீர்கள்.

தீர்ந்த ஃபிக்ஸரைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். பிலிமிலிருந்து கரைந்த வெள்ளி அதில் இருக்கிறது, நீர்வாழ் உயிர்களுக்கு அது நஞ்சு. தனிக் கேனில் சேர்த்து, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

பின்சேர்க்கை 1: ஒரே புனலைப் பயன்படுத்தலாமா என்று கேட்டார்கள். வேண்டாம். டெவலப்பருக்குள் சிறிது ஃபிக்ஸர் போனாலே நெகட்டிவில் புகைமூட்டம் விழலாம். புனல், அளவுச்சாடி, மூடி எல்லாம் தனித்தனியாக வையுங்கள். ஒவ்வொன்றிலும் வண்ண டேப் ஒட்டிவிட்டால் அவசரத்திலும் குழப்பம் வராது. நான் ஃபிக்ஸருக்குச் சிவப்பு ஒட்டியிருக்கிறேன்.

பின்சேர்க்கை 2: ஃபிக்ஸர் இளஞ்சிவப்பாகிவிட்டது, கெட்டுவிட்டதா என்று இன்னொருவர் கேட்டார். சில பிலிம்களிலிருந்து கரைந்து வரும் சாயம் அது. மேலே சொன்ன சொட்டுச் சோதனையில் தேறினால் அந்த ஃபிக்ஸரைத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.