அமெரிக்க உணவு வழிகாட்டு நெறிமுறைகளில் மாற்றம் கோரி காங்கிரஸ் உறுப்பினரை அணுகுவது எப்படி?

அமெரிக்கர்களுக்கான உணவு வழிகாட்டு நெறிமுறைகள் முதன்முதலாக 1980-இல் வெளிவந்தன. பள்ளி மதிய உணவின் ஊட்டச்சத்து விதிகளும் இவற்றைத் தழுவியே அமைவதால், இவற்றில் பிழை இருப்பதாகக் கருதும் வாக்காளர் எவரும் வாய்மூடி இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் படி: எழுதுபவர் யார் என்று அறிதல்

1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் வேளாண்மைத் துறையும் சுகாதாரம் மற்றும் மனித சேவைகள் துறையும் இணைந்து இவற்றை வெளியிட வேண்டும். ஒவ்வொரு பதிப்புக்கும் முன் அறிவியல் சான்றுகளை ஆராய்ந்து பரிந்துரை தரும் நிபுணர் குழுவின் அறிக்கை அத்துறைகளைக் கட்டுப்படுத்தாது. உணவில் சேர்க்கப்படும் சர்க்கரையின் வரம்பை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைக்குமாறு 2020-இல் குழு பரிந்துரைத்தும், துறைகள் பழைய வரம்பையே வைத்துக்கொண்டன.

இரண்டாம் படி: உறுப்பினரால் இயன்றதைக் கேட்டல்

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். நெறிமுறைகளை எழுதுவது உறுப்பினரின் வேலை அன்று என்பதால், "இதை மாற்றித் தாருங்கள்" என்று கேட்டால் அனுதாபமான பதில் கடிதம் ஒன்று வரும். அதற்கு மேல் எதுவும் நடக்காது. துறைச் செயலர்களுக்குக் கடிதம் எழுதவும், காங்கிரஸ் குழுவின் விசாரணையில் கேள்வி எழுப்பவும், நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் நிபந்தனை சேர்க்கவும் அவரால் முடியும். 2015 அக்டோபரில் பிரதிநிதிகள் சபையின் வேளாண்மைக் குழு இரு துறைச் செயலர்களையும் அழைத்து விசாரித்தது. அவ்வாண்டு இறுதியில் நிறைவேறிய ஒதுக்கீட்டுச் சட்டம், நெறிமுறைகள் உருவாகும் முறையை ஆராய 10 லட்சம் டாலர் ஒதுக்கியது. அதன் பயனாகத் தேசிய அறிவியல் கழகங்களின் ஆய்வறிக்கைகள் 2017-இல் வெளிவந்தன. நெறிமுறைகளின் ஒரு வரியைக்கூட நேரடியாகத் திருத்தாமல் காங்கிரஸ் எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மூன்றாம் படி: உங்கள் உறுப்பினரைக் கண்டறிதல்

மாநிலங்களில் வாழும் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் சபை உறுப்பினர் ஒருவரும் செனட்டர்கள் இருவரும் உண்டு. அவர்களில் எவரேனும் வேளாண்மைக் குழுவிலோ ஒதுக்கீட்டுக் குழுவிலோ இருந்தால் அவரிடமே முதலில் செல்லுங்கள். எவரும் இல்லாவிட்டாலும் பிற தொகுதி உறுப்பினரை நாட வேண்டாம். அலுவலகங்கள் தம் தொகுதியினரின் குரலுக்கே முதலிடம் தருகின்றன.

நான்காம் படி: ஒரு பக்கக் கடிதம்

தொகுதி முகவரி, நீங்கள் மறுக்கும் பரிந்துரையின் சரியான வாசகம், அதற்கு எதிரான வலுவான சான்று, உங்கள் குடும்பத்திலோ பணியிலோ அதனால் நேர்ந்த விளைவு, இறுதியாக ஒரே ஒரு கோரிக்கை ஆகியவை போதும். கோரிக்கை இவ்வாறு அமையலாம்: "நிபுணர் குழுவின் பரிந்துரையை ஏற்காததற்கான அறிவியல் காரணங்களை எழுத்தில் வெளியிடுமாறு இரு செயலர்களுக்கும் தாங்கள் கடிதம் எழுத வேண்டுகிறேன்." பிறரிடம் ஊதியம் பெறாமல் தமக்காகப் பேசும் குடிமகன், பரப்புரையாளராக (லாபியிஸ்ட்) அரசிடம் பதிவு செய்ய வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: நேர்ச் சந்திப்பு

உறுப்பினருக்குப் பதில் அவருடைய உதவியாளர் வந்தால் மனம் தளர வேண்டாம். கோப்பைப் படித்து உறுப்பினருக்குக் குறிப்பு எழுதுபவர் அவரே என்பதால், அவர் கேட்கும் கேள்விகளைக் குறித்துக்கொண்டு, விடை தெரியாதவற்றுக்கு ஓரிரு நாளில் எழுத்தில் பதில் அனுப்புங்கள். அடுத்த பதிப்புக்காகத் துறைகள் பொதுமக்கள் கருத்தைக் கோரும்போது அதே வாதத்தை அங்கும் பதிவு செய்து, அதன் நகலை அந்த உதவியாளருக்கு அனுப்பி, உங்கள் கோரிக்கையின் நிலை என்னவென்று மீண்டும் கேளுங்கள்.