கொள்ளுத்தாத்தா நிஜமாவே பி.ஏ.வா? தேடிக் கண்டுபிடிப்பது எப்படி

"அவர் அந்தக் காலத்து பி.ஏ." என்று எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். தேடிப் பார்த்தால் மனிதர் அதற்கு ஒரு படி கீழே, எஃப்.ஏ.வோடு நின்றிருக்கிறார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அவர் 1800களின் கடைசியில் சென்னை மாகாணத்தில் படித்தவராக இருந்தால், இப்படித் தேடுங்கள்.

முதலில் அந்தக் காலத்துப் படிப்புக் கணக்கு தெரிய வேண்டும். மெட்ரிகுலேஷன், அதற்கு மேல் இரண்டு வருடம் எஃப்.ஏ., இன்னும் இரண்டு வருடம் பி.ஏ., சட்டம் படிக்கிறவர் அதற்கப்புறம் பி.எல். ஒவ்வொரு படியிலும் பாதிக்கு மேல் ஆட்கள் கழன்றுகொள்வது சாதாரணம், அதனால் 'பி.ஏ. ஃபெயில்' என்பதையே ஒரு தகுதியாகச் சொல்லிக்கொண்டவர்கள் உண்டு. வீட்டுப் பேச்சில் அந்த 'ஃபெயில்' நாளடைவில் உதிர்ந்துபோயிருக்கலாம்!

அடுத்தது, 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் அப்போது பாடம் நடத்தவில்லை, லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்ததால் தேர்வு வைப்பதும் பட்டம் கொடுப்பதும்தான் அதன் வேலை. பாடமெல்லாம் கல்லூரியில். ஆகவே ஊரை வைத்துக் கல்லூரியை ஊகித்துக்கொள்ளுங்கள்: தஞ்சாவூர்ப் பக்கம் என்றால் கும்பகோணம் அரசுக் கல்லூரி, சென்னை என்றால் மாநிலக் கல்லூரியோ கிறித்தவக் கல்லூரியோ, 1883க்குப் பிறகு திருச்சி என்றால் செயின்ட் ஜோசப் கல்லூரியாகவும் இருக்கலாம். கும்பகோணத்தில் 1880க்கும் 1903க்கும் நடுவில் படித்தவர் என்றால் உ.வே.சா.விடம் தமிழ் கேட்டிருக்கவும் வாய்ப்புண்டு, எனக்கு இதில்தான் கொஞ்சம் பொறாமை.

சரி, பெயர் எங்கே இருக்கும்? பல்கலைக்கழகம் வெளியிட்ட 'காலண்டர்' என்ற தடித்த புத்தகத்தில். நாள்காட்டி இல்லை, விதிமுறை, வினாத்தாள், பட்டம் பெற்றவர் பட்டியல் எல்லாம் சேர்ந்த ஆண்டு மலர் மாதிரி. சில ஆண்டுகளுடையது ஸ்கேன் ஆகி இணையத்திலேயே கிடைக்கிறது. கிடைக்காததற்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்தக் கால மாகாண அரசிதழான ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ் கெஜட்டைக் கேளுங்கள், தேர்வு முடிவுகள் அதில் அச்சாகும்.

பெயரில்தான் உயிர் போகும். ஸ்கேனில் இருக்கும் தேடல் வசதியை நம்பாதீர்கள். ராமசாமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் வி போட்டும், டபிள்யூ போட்டும், இரண்டும் இல்லாமலும் அச்சடித்திருப்பார்கள். ஐயர், முதலியாருக்கும் இதே கதைதான். நான் கிருஷ்ணசாமியை இரண்டு நாள் தேடினேன், அவர் நடுவில் ஒரு 'டி' சேர்ந்து 'கிரிஸ்ட்னசாமி'யாக உட்கார்ந்திருந்தார். பட்டியலை விரல் வைத்துக் கண்ணால்தான் படிக்க வேண்டும், ஊகித்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று வருடம் சேர்த்து. அதே பெயரில் நாலு பேர் இருந்தால் கல்லூரியை வைத்துப் பிரித்தறியுங்கள், அதுவும் போதாவிட்டால் பழைய பத்திரங்களில் தகப்பனார் பெயர் பாருங்கள்.

பக்கம் கிடைத்ததும் படம் எடுப்பீர்கள் இல்லையா, கூடவே புத்தகத்தின் முதல் பக்கத்தையும் எடுத்துவிடுங்கள். நான் எடுக்காமல் வந்து, அது எந்த ஆண்டுக் காலண்டர் என்று தெரியாமல் திரும்பவும் முதலிலிருந்து புரட்டினேன்.